இளவரசி தலைகுனிந்தாள்

காதலே இல்லாமல் பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணத்தைக் கருவாக எடுத்துச் சரித்திர நாவல் எழுதுகிறவர்களுக்கு நாம் மாலை போட்டிருக்கிறோம், பொன்னாடை போர்த்தியிருக்கிறோம், மேடையில் நடு நாற்காலி கொடுத்து உட்காரவைத்திருக்கிறோம். ஆனால் அவர்கள் செய்த தொண்டு இன்னதென்று ஒருவரும் விளக்கமாக எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை. படித்துவிட்டுச் சொல்ல வேண்டியிருக்குமே என்ற தயக்கம் காரணமாக இருக்கலாம். நான் படித்திருக்கிறேன். சுபாங் ஜெயாவிலிருந்து எல்ஆர்டி பிடித்து பிரிக்ஃபீல்ட்ஸ் போய்வர இவற்றைப் போலத் தோதான வழித்துணை கிடையாது. நடுவில் பத்து நிலையம் கண்ணயர்ந்துவிட்டு எழுந்தாலும் கதை நகராமல் அதே இடத்தில் நமக்காகக் காத்திருக்கும்.

முதலில் அவர்களுடைய நாகரிகத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு அரசர்கள் சமாதானம் பேசுகிறார்கள். ஓலை எழுதப்படுகிறது. தந்தை முடிவெடுக்கிறார், தாய் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள், இளவரசி தலைகுனிகிறாள். இந்தத் தலைகுனிவை நம் நாவலாசிரியர் எழுதும் நுட்பம் இருக்கிறதே! நெற்றிச்சுட்டி ஆடுகிறது, காதோரக் குழல் கன்னத்தில் விழுகிறது, கால் பெருவிரல் தரையில் கோலம் போடுகிறது. அந்தக் கோலம் எத்தனை புள்ளி என்பதுகூட நமக்குத் தெரிந்துவிடும். குனிந்த தலைக்குள் அந்த நேரத்தில் என்ன ஓடியது என்பது மட்டும் தெரியாது. அடுத்தவர் மனதுக்குள் எட்டிப் பார்ப்பது நல்ல குடும்பத்துப் பழக்கம் இல்லை அல்லவா?

பிறகு இளவரசன் வருகிறான். சிடுசிடுத்த முகம், தோளில் பழைய தழும்பு, நெஞ்சில் வேறொருத்தி. முதலிரவில் தலையணையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "இது நாட்டுக்காக நடந்த கல்யாணம். என்னிடம் வேறு எதையும் எதிர்பார்க்காதே" என்று சொல்லிவிட்டு நிலாமுற்றத்துக்குப் போய்விடுகிறான். எவ்வளவு நேர்மையான பிள்ளை! நம் ஊர் மாப்பிள்ளைகளில் எத்தனை பேர் முதல் நாளே இப்படி உடைத்துப் பேசுவார்கள்? அவள் அழுகிறாள். அழுகையிலும் ஓர் ஒழுங்கு உண்டு, அத்தியாயம் முடியும் இடத்தில் மட்டும்தான் அழுவாள். மற்ற நேரங்களில் மாமியாருக்குப் பூத்தொடுத்துக் கொடுத்துக்கொண்டும், கணவனின் பழைய காதலியிடம் பெருந்தன்மையோடு பேசிக்கொண்டும், மேலும் மேலும் மெலிந்துகொண்டும் இருப்பாள்.

முப்பதாம் அத்தியாயத்துக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவே இளவரசனுக்குக் காய்ச்சல் வந்துவிடும். விஷம் தடவிய அம்பு என்றால் சோழ நாடு, காட்டுக் காய்ச்சல் என்றால் கடாரம். அரண்மனை வைத்தியர் கையை விரிப்பார். இவள் பச்சிலை அரைப்பாள், நெற்றியில் பற்றுப் போடுவாள், இரவெல்லாம் கண்விழிப்பாள். அவன் கண்ணைத் திறந்து பார்க்கும்போது எதிரே காதல் உட்கார்ந்திருக்கும். பணிவிடை செய்தால் போதும், காதல் தானாக வந்து சேரும் என்று இவ்வளவு சுருக்கமாக நிறுவிய இலக்கியம் வேறெங்கும் இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கின் மருத்துவமனைகளில் நம் பெண்கள் எத்தனையோ பேர் தாதியராக இரவுப்பணி பார்க்கிறார்கள். இந்தக் கணக்குப்படி அவர்களில் ஒருத்திக்கும் இந்நேரம் வரன் தேட வேண்டியிருக்கக் கூடாது.

அவளுக்குக் காய்ச்சல் வந்து அவன் பச்சிலை அரைத்த நாவல் எதுவும் என் கையில் சிக்கவில்லை. ஆண்களுக்கு மூலிகை அடையாளம் தெரியாது போலும். பதினெண் சித்தர்களும் ஆண்கள்தான் என்பதை இங்கே கிளப்பி ரசனையைக் கெடுக்க வேண்டாம்.

வரலாற்றுத் துல்லியத்திலும் இவர்களை மிஞ்ச ஆளில்லை. இந்த நாவல்களில் வரும் வாள்களைப் பாருங்கள். எண்ணெய் பூசி, பிடியில் மயிற்பீலி சூட்டி, ஓர் இடத்திலும் நுனி முறியாமல், கொல்லன் பட்டறையின் வாசலையே மிதிக்காமல் பளபளவென்று இருக்கும். அரண்மனைச் சமையலறையில் பதினோராம் நூற்றாண்டிலேயே மிளகாய் வற்றல் தாளிக்கிற வாசம் வரும். போர்த்துக்கீசியர் அதைக் கப்பலில் கொண்டுவர இன்னும் ஐந்நூறு ஆண்டு இருக்கிறதே என்று மூக்கைச் சுளிப்பவர்களுக்குக் கற்பனையே இல்லை. கதை கடாரத்தில் நடந்தால் இளவரசி பால்மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வருங்காலக் கணவனைப் பார்ப்பாள். ரப்பர்க் கன்றுகள் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வழியாக மலாயாவுக்கு வந்தது 1877இல்தான். அதனால் என்ன? எண்ணூறு ஆண்டு கழித்து வரப்போகிற மரத்தின் நிழலில் முன்கூட்டியே ஒதுங்க ஒரு தீர்க்கதரிசனம் வேண்டாமா?

இத்தனை நயத்தோடு எழுதுகிறவர்களைக் கல்கியோடு ஒப்பிட்டு, அவரளவுக்கு வரவில்லை என்று குறைசொல்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கல்கி செய்த பிழையைத்தான் இவர்கள் திருத்தியிருக்கிறார்கள்.

பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. பெரிய பழுவேட்டரையரைக் கட்டிக்கொண்ட நந்தினிக்கு அந்தக் கல்யாணத்தில் காதல் துளியும் கிடையாது. கல்கி என்ன செய்திருக்க வேண்டும்? கிழவருக்கு ஒரு காய்ச்சலை வரவழைத்து நந்தினி கையில் அம்மிக் குழவியைக் கொடுத்திருக்க வேண்டும். அவரோ அவளைப் பேசவிட்டார். ஐந்து பாகத்திலும் பேசவிட்டார். அவமானத்தையும் ஆசையையும் பழியையும் அவள் வாயாலேயே சொல்லவிட்டார். அதன் பலன், அருள்மொழிவர்மரின் கதை என்று தொடங்கியது பல வாசகர் மனதில் நந்தினியின் கதையாகத் தங்கிவிட்டது. 2022இல் படம் வந்தபோதும் கொட்டகையைவிட்டு வெளியே வந்தவர்கள் பேசியது ஐஸ்வர்யா ராயின் நந்தினியைப் பற்றித்தான். கடம்பூர் மணிமேகலையை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டார் முதலில் மதுராந்தகனுக்கு என்றார்கள், பிறகு ஆதித்த கரிகாலனுக்கு என்றார்கள். அவள் மனதோ வந்தியத்தேவனிடம். போகப் போகச் சரியாகிவிடும் என்று சொல்லி அவளுக்கு ஒரு நல்ல இடம் பார்த்துக் கொடுக்கக் கல்கிக்குத் தெரியவில்லை. அத்தனை பெரிய சோழ ராஜ்யத்துக் கதையின் கடைசி அத்தியாயத்தை அவள் சாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஓர் இடத்தில் மட்டும் கல்கி நம் வழிக்கு வருகிறார். சிவகாமியின் சபதத்தில் மாமல்லரின் மனம் சிவகாமியிடம் இருக்கிறது, அரசியலுக்காக அவர் கைப்பிடிப்பது பாண்டிய இளவரசி வானமாதேவியை. சிவகாமியின் துயரத்துக்கு நான்கு பாகம். கணவன் மனம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தும் அவனோடு காலம் தள்ளிய வானமாதேவி ஓர் ஓரமாக வந்து போகிறாள். பிற்காலச் சீடர்கள் குருவிடமிருந்து எதை எடுத்துக்கொள்வது என்பதில் மிகத் தெளிவாக இருந்தார்கள். நந்தினியை அவரிடமே விட்டுவிட்டு வானமாதேவியை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள்.

சாண்டில்யன் வழி தனி. குமுதத்தில் வந்த கடல் புறாவில் கடாரத்துக் காஞ்சனாதேவி ஒரு பக்கம், மஞ்சளழகி ஒரு பக்கம். காதலில்லாத ஒரு கல்யாணத்தை எழுதுவதைவிட இரண்டு காதலை ஒரே கப்பலில் ஏற்றுவது அவருக்கு எளிது. அந்தக் கப்பலில் இங்கே ஏற ஆசைப்படுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1982 மார்ச் 1க்குப் பிறகு முஸ்லிம் அல்லாத மலேசியர் இரண்டாவது தாரம் கட்டினால் சட்டப்படி குற்றம். கடல் புறாவின் நாயகன் கருணாகரத் தொண்டைமானுக்கு அந்தக் கவலை இல்லை.

கல்வெட்டுக்கு நம் நாவலாசிரியர்கள் காட்டும் விசுவாசத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். கோயிலில் ஒரு நந்தாவிளக்கு அணையாமல் எரிய 96 ஆடு என்று சோழர் கல்வெட்டு கணக்குச் சொல்லும். ஆடு சாகக் கூடாது, மூப்படையக் கூடாது என்றுகூட எழுதிவைத்தார்கள். எந்த அரசனின் மகள் எந்த வீட்டுக்குப் போனாள் என்பதும் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் கிடைக்கும். அவள் சரி என்றாளா என்பது கிடைக்காது. கல்வெட்டு எழுதியவன் விட்டதை நாவலாசிரியரும் விடுகிறார். கல்லில் இல்லாததைக் கற்பனை செய்து எழுத அவர் என்ன, கதை எழுதுகிறவரா?

ராஜராஜன் தன் மகள் குந்தவையை வேங்கிச் சாளுக்கிய விமலாதித்தனுக்குக் கொடுத்தான். அவள் மகன் ராஜராஜ நரேந்திரன் தாய்மாமன் ராஜேந்திரனின் மகள் அம்மங்கையைக் கட்டினான். அவர்கள் மகன் குலோத்துங்கன் மறுபடியும் மாமன் மகள் மதுராந்தகியைக் கட்டிக்கொண்டு, 1070இல் மாமன் வீட்டுச் சிம்மாசனத்திலேயே ஏறி உட்கார்ந்துவிட்டான். சீர்வரிசையாக ஒரு சாம்ராஜ்யமே போன கல்யாணக் கதை இது. மூன்று பெண்கள், மூன்று கல்யாணம். நம் நாவல்களில் இவர்களைத் தேடினால் எங்கே இருப்பார்கள்? பின்னிணைப்பில், வம்சாவளிப் படத்தில், கணவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சமக்குறியோடு இருப்பார்கள்.

நான்காவது ஒருத்தி இருக்கிறாள். அவளை நினைத்தால்தான் நம் எழுத்தாளர்களின் மனக்கட்டுப்பாடு எவ்வளவு பெரியது என்று புரிகிறது. 1054இல் கொப்பத்துப் போரில் ராஜாதிராஜ சோழன் யானை மேல் அமர்ந்தபடியே மேலைச் சாளுக்கியர் கையில் செத்தான். அன்று எதிரில் நின்றவன் சோமேசுவரன். பதினைந்து ஆண்டுகள் போல ஆகின்றன. ராஜாதிராஜனின் தம்பி வீரராஜேந்திரன் சமாதானம் பேசித் தன் மகளைக் கட்டிக்கொடுக்கிறான். யாருக்கு? அதே சோமேசுவரனின் மகன் விக்கிரமாதித்தனுக்கு. பெரியப்பாவைக் கொன்ற வீட்டில் போய் விளக்கேற்ற வேண்டும். அதோடு விட்டதா? 1070இல் அப்பா வீரராஜேந்திரன் இறக்கிறார். பட்டத்துக்கு வந்த தம்பியோ அண்ணனோ, அதிராஜேந்திரன், சில வாரங்களில் போய்ச்சேர்கிறான். அரியணைக்கு வருபவன் அத்தை வழி வந்த குலோத்துங்கன், அவள் கணவனின் பரம எதிரி. கோபித்துக்கொண்டு போகவும் அவளுக்குத் தாய்வீடு மிஞ்சவில்லை. பில்ஹணர் அவள் கணவன் புகழைச் சமஸ்கிருதக் காவியமாகப் பாடினார். சந்திரலேகை என்ற இன்னொரு ராணியின் சுயம்வரமும் அழகும் அதில் சர்க்கம் சர்க்கமாகப் போகும். சோழன் மகளின் கல்யாணம் ஓர் அரசியல் ஏற்பாடாக வந்து நகர்ந்துவிடும்.

ஒரு நாவலாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் நம்மவர் தொடமாட்டார். அங்கே பச்சிலை வேலை செய்யாது என்று அவருக்குத் தெரியும். தன்னால் ஆகாததைத் தொடாமல் விடுகிற தன்னடக்கத்தை வேறு எந்தக் கலைஞரிடம் பார்க்க முடியும்?

தன்னடக்கம் என்றதும் மலாக்கா நினைவுக்கு வருகிறது. சுபாங் ஜெயாவிலிருந்து நெடுஞ்சாலையில் போனால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், வழியில் நின்று தே தாரிக் குடித்தால் இன்னும் கொஞ்சம். காதலில்லாத கல்யாணம் ஒன்று அங்கே ஐந்நூறு ஆண்டுகளாக ஆசிரியர் இல்லாமல் காத்துக்கிடக்கிறது. சுல்தான் மஹ்மூத் ஷாவின் பெண்டஹாரா, அதாவது முதலமைச்சர், துன் முத்தாஹிர். தமிழகத்திலிருந்து வந்த முஸ்லிம் முன்னோரின் வழியில் பிறந்தவர். அவர் மகள் துன் பாத்திமா. இத்தனை அழகான பெண்ணைத் தனக்குக் காட்டாமல் துன் அலிக்குக் கட்டிவைத்துவிட்டாரே என்று சுல்தானுக்கு உள்ளூர ஆத்திரம்.

அந்தப் பக்கம் துறைமுகத்தில் இரண்டு வணிகர்களுக்குள் வழக்கு. மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயு ஒருவரை நைனா சூரா டேவானா என்கிறது, மற்றவரை ராஜா முதலியார் என்கிறது. பெயரைக் கேட்டாலே எந்தக் கரையிலிருந்து வந்தவர்கள் என்று தெரியும். நைனா இரவோடு இரவாகப் பெண்டஹாராவுக்குப் பொன் கொண்டுபோய்க் கொடுக்கிறார். முதலியாரிடம் கடன்பட்டிருந்த கித்துல் என்பவன் ஓடிப்போய், உன்னைத் தீர்த்துக்கட்டத்தான் அந்தப் பொன் என்று பற்றவைக்கிறான். அதற்குக் கூலியாக அவன் கடன் தீர்கிறது. முதலியார் லக்சமணாவின், அதாவது கடற்படைத் தலைவரின், வீட்டுக்கு வெகுமதி அனுப்புகிறார். லக்சமணா சுல்தானின் காதில், பெண்டஹாரா உங்கள் அரியணைக்கே குறிவைக்கிறார் என்கிறார். கோபத்துக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்த சுல்தானுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. 1510இல் துன் முத்தாஹிரும் அவர் மகனும் துன் அலியும் கொல்லப்படுகிறார்கள். துன் பாத்திமாவைச் சுல்தான் அரசியாக்கிக்கொள்கிறார். மறுவருஷம் ஆகஸ்டில் போர்த்துக்கீசியத் தளபதி அல்புகர்க்கின் கையில் மலாக்காவே விழுகிறது.

அப்பனையும் அண்ணனையும் புருஷனையும் கொன்றவனுக்கு மனைவி. அதற்குப் பிறகு அவள் சிரித்ததை யாரும் பார்க்கவில்லை, புன்னகைகூட இல்லை என்று அந்த நூல் சொல்கிறது. கரு உண்டானபோதெல்லாம் கலைத்தாளாம். உனக்குப் பிறக்கும் மகனுக்கே பட்டம் என்று சுல்தான் வாக்குக் கொடுத்த பிறகுதான் பெற்றாளாம். அந்த மகன் அலாவுத்தீன் ரியாயத் ஷா 1528இல் ஜொகூரின் சுல்தான் ஆனார்.

மலாய்க்காரர்களுக்கு இந்த விஷயத்தில் பொறுமை போதாது. 1962இலேயே மரியா மெனாடோவை நடிக்கவைத்துப் படம் எடுத்துவிட்டார்கள், ஜொகூர் பாருவில் பெண்கள் பள்ளிக்கு அவள் பெயரையும் வைத்துவிட்டார்கள். நம் சரித்திர நாவலாசிரியர்கள் அவசரப்படுகிறவர்கள் அல்ல. தமிழ் ரத்தம், தமிழ் வணிகர், லஞ்சம், கோள், கொலை, பறங்கிக் கப்பல் எல்லாம் இரண்டு மணி நேரக் கார் தூரத்தில் கிடந்தாலும், விமானம் ஏறித் தஞ்சாவூர் போய்ப் பெரிய கோயில் முன்னால் படம் பிடித்துக்கொண்டு வந்துதான் எழுத உட்காருவார்கள். நான் வாசித்த தமிழ் நாவல் எதிலும் துன் பாத்திமா இல்லை. இல்லாததே நல்லது. யாராவது எழுதியிருந்தால் முப்பத்துநான்காம் அத்தியாயத்தில் சுல்தானுக்குக் குளிர்காய்ச்சல் கண்டிருக்கும், அவள் வெற்றிலைச் சாறு பிழிந்திருப்பாள், முப்பத்தைந்தாம் அத்தியாயத்தின் கடைசி வரியில் சிரித்துத் தொலைத்திருப்பாள்.

மலாக்கா வேண்டாம், காலடி மண்ணையே பார்க்கலாம். சுபாங் ஜெயா நிற்பது சீபீல்டு ரப்பர்த் தோட்டத்து நிலத்தில். 1976இல் வீடமைப்பு தொடங்கியது, 2020 அக்டோபரில் மாநகரம் ஆனது. நகராவதற்கு முன்னால் இங்கே லயங்களில் எத்தனை கல்யாணம்! கங்காணி பேசி, தண்டல் தலையாட்டி, மாப்பிள்ளை முகத்தை மாலை மாற்றும்போது முதன்முதலாகப் பார்த்த பாட்டிகள் இந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் இருக்கிறார்கள். தாலி ஏறிய மறுநாள் விடிவதற்குள் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போக வேண்டும், பால்வாளி தூக்க வேண்டும், மங்கு கழுவ வேண்டும். ஆனால் இது சரித்திரம் ஆகாது. கணவன் கோபித்துக்கொண்டு தலையணையோடு வெளியேற லயத்தில் நிலாமுற்றம் ஏது? அடுத்த வீட்டுக்காரர் காலில் இடறி விழுவான். நம் நாவலாசிரியர்கள் வாசகர் மேல் வைத்த கருணையால் இந்தப் பாட்டிகளை விட்டுவைத்திருக்கிறார்கள். அரண்மனையில் நடந்தால்தான் அழுகைக்கும் ஓர் அந்தஸ்து.

இந்த நாவல்களால் நடைமுறைப் பயன் என்ன என்று கேட்பவர்கள் நம் வீடுகளுக்குள் போய்ப் பார்க்கலாம். படித்து முடித்து, வேலைக்குப் போய், கார் மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் பெண். வாட்ஸ்அப்பில் ஜாதகம் வருகிறது, பொருத்தம் பார்த்தாகிவிட்டது, கிள்ளானில் மண்டபத்துக்கு முன்பணமும் கட்டியாகிவிட்டது. பெண் மட்டும், "எனக்கு அவரைப் பிடிக்கலம்மா" என்கிறாள். அந்த நேரத்தில் அத்தை ஒருத்தி எங்கிருந்தோ வருவாள். "நான் குடுத்த புக்கைப் படிச்சியா இல்லியா? அந்த ராஜகுமாரி என்ன பாடு பட்டா! கடைசியில புருஷன் காலடியிலயே கெடக்கல? கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிரும்லா" என்பாள். அப்பா வாசல் பக்கம் திரும்பிக்கொண்டு போனைப் பார்ப்பார். ஒரு சமூகத்தின் அத்தைமார்களுக்கு இத்தனை ஆதாரங்களை அச்சடித்துக் கொடுத்த இலக்கிய வகை வேறு ஒன்று உண்டா? தரகர்கள் சங்கம் வைத்தால் முதல் விருதை இவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் கெடுக்கவென்றே நாடாளுமன்றம் 1976இல் திருமணம், மணவிலக்குச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அமலுக்கு வந்தது 1982இல். இருவரும் மனமுவந்து சம்மதிக்கிறார்கள் என்று பதிவாளருக்குத் திருப்தி ஏற்படாமல் முஸ்லிம் அல்லாதவர் கல்யாணத்தை நடத்திவைக்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. என்ன ரசனை கெட்ட கேள்வி! ஐந்நூறு பக்கத்தில் ஓர் அரசனும் ராஜகுருவும் தோழியும் மாமியாரும் கேட்காத ஒன்றை, ஏர்கண்டிஷன் குளிரில் உட்கார்ந்திருக்கும் ஓர் அரசாங்க ஊழியர் படிவத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டுவிடுகிறார். நல்லவேளையாக அங்கேயும் நம் பெண்கள் தலைகுனிந்தே பதில் சொல்லிப் பழகியிருக்கிறார்கள். எல்லாம் படித்த பயன்.

கடைசியாக நூல் வெளியீடு. இதில்தான் இந்த நாவல்கள் தங்கள் கொள்கைக்கு எவ்வளவு உண்மையாக இருக்கின்றன என்பது தெரியும். ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரு மண்டபம், குத்துவிளக்கு, தமிழ் வாழ்த்து. வரவேற்புரையில் பாதி நேரம் டத்தோ இன்னும் வரவில்லை என்பதற்கான சமாதானம். டத்தோ வருகிறார். அவருக்கும் புத்தகத்துக்கும் முன்பின் அறிமுகம் இல்லை. யாரோ பேசி முடித்திருக்கிறார்கள். மேடையில் இருவரையும் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடிக்கிறார்கள். கவர் கைமாறுகிறது, உள்ளே எவ்வளவு என்பதை ஒலிபெருக்கியில் சொன்னதும் கைதட்டல். ஆயிரம் வெள்ளி என்றால் நல்ல இடம், ஐந்நூறு என்றால் சுமார். பிறகு வரிசையில் நின்று மற்றவர்களும் ஆளுக்கொரு கவரோடு ஒரு பிரதியைக் கைப்பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். வெளியே மீகூனும் கறிபஃபும் ஆறுவதற்குள் எல்லாம் இனிதே முடிந்துவிடும். புகுந்த வீட்டில் அந்தப் புத்தகத்தை ஒருவரும் தொட்டுப் பார்த்ததில்லை, ஒரு பக்கம் புரட்டியதில்லை. அதுவும் ஒரு நாள் வாய்திறந்து கேட்டதில்லை.

ஆய்வுரை என்று ஒன்றும் நிகழ்ச்சிநிரலில் இருக்கும். ஆய்வாளர் முன்னுரையை முழுக்கப் படித்திருப்பார், அட்டைப்படத்தைப் பாராட்டுவார், சோழர் கடற்படையைப் பற்றி இருபது நிமிடம் பேசுவார். கதாநாயகி விரும்பித்தான் கல்யாணம் செய்துகொண்டாளா என்று பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் கேட்கக் கையைத் தூக்கினால், நேரம் ஆகிவிட்டது, நன்றியுரைக்குப் போகலாம் என்று அறிவிப்பாளர் மிக அழகான தமிழில் சொல்லிவிடுவார்.

இந்த நாவல்களைப் படிக்க விரும்புகிறவர்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளில் தேடி அலைய வேண்டாம். டத்தோ வீட்டு வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில், கோல்ஃப் கோப்பைக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் எல்லாத் தலைப்பும் இருக்கும். கேட்டால் கொடுத்துவிடுவார். திருப்பிக்கூடத் தர வேண்டாம் என்பார்.